பாம்புக்காது

“சரியில்லை மாமா. வேற சிப் போடுங்க.”

தம்பி ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டான். பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்து இதே பாட்டுத்தான். கிடார் நன்றாகவே வாசிக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. அவன் குழுவில் அவனுக்குப் பாம்புக்காது என்றே பெயர். அதற்காக உடம்பு முடியாத மனுஷனை இப்படியா பாடாய்ப் படுத்துவது?

அவள் கணவர் கிடார் பெடல்களைப் பழுது பார்ப்பவர். காலால் தட்டினால் கிடாரின் குரலையே மாற்றிவிடுமே, அந்தச் சின்ன இரும்புப் பெட்டிகள். பக்கவாதம் வந்து வலது கை மரத்துப்போனதிலிருந்து தொழில் படுத்துவிட்டது.

“சாமானையெல்லாம் யாருக்காவது கொடுத்துடு. இந்தக் கை இனி எதுக்கும் ஆகாது” என்று சுவரைப் பார்த்துப் படுத்தவரை எழுப்பி உட்கார வைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிடித்து அமுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து, தொடுவாரில்லாமல் கட்டிலுக்கடியில் கிடந்தது.

அப்படிப்பட்டவரிடம் இவன் ஞாயிறு தவறாமல் பெடலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான்.

“இதுல என்ன குறை மச்சான்?” என்றார் கணவர்.

“கீச்சுன்னு கத்துது மாமா. காதைக் குத்துது.”

“இதுக்கு முன்னாடி போட்டது?”

“அது போர்வைக்குள்ளே இருந்து பாடுற மாதிரி இருந்துச்சு.”

முனகிக்கொண்டே பெடலைக் கவிழ்த்து, நாலு திருகாணியையும் கழற்றினார். எட்டுக் கால் சிப்பை மெல்ல நெம்பி எடுத்தார். புதிதை அதன் இடத்தில் வைத்தார். தலைமாறி உட்கார்ந்தாலும் போச்சு, ஒரு கால் மடங்கினாலும் போச்சு. அந்த விரல்கள் நடுங்குவதைப் பார்க்க மாட்டாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உக்காந்துடுச்சு!” என்றார்.

மூடித் திருகிப் பெடலைத் தரையில் வைத்தார். தம்பி ஹெட்போனை மாட்டினான், பெடல்மேல் காலை வைத்தான், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

“பழசே தேவலாம் போலிருக்கே மாமா.”

அந்தப் பழசு மேசையிலிருந்து நழுவிக் கீழே விழுந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து தேடினாள். சிப் கிடைத்தது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது.

பெடலின் பச்சை விளக்கு எரியவில்லை.

இத்தனை வருஷம் இந்தத் தொழிலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது? விளக்கு எரிந்தால்தான் சத்தம் சிப் வழியாகப் போகும். எரியாவிட்டால் சிப்பைத் தொடாமலே வந்த மாதிரி வெளியே போய்விடும்.

“டேய், இங்க வா.”

அடுக்களைக்குள் அவனை இழுத்துக்கொண்டு போய்க் கதவை ஒருக்களித்தாள்.

“லைட்டே எரியலை. அப்போ நீ எந்தச் சிப்பையுமே கேக்கலை. அப்புறம் எதுக்குடா அந்த மனுஷனைப் போட்டு வாட்டி எடுக்கறே? பாம்புக்காதாம், பாம்புக்காது!”

“கத்தாதேக்கா. அங்க பாரு.”

கதவிடுக்கில் பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவர் திரும்பவும் பெடலைத் திறந்துகொண்டிருந்தார். அரிசி மணி அளவுத் திருகு ஒன்று அவர் வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கீழே விழாமல் நின்றது.

“ஆரம்பத்துல எத்தனை சிப்போட காலை ஒடிச்சார், ஞாபகம் இருக்கா? இன்னைக்கு ஒண்ணாவது மடங்குச்சா? பந்தை அமுக்குங்கன்னா கேக்க மாட்டார். குறை சொன்னாத்தான் ரோஷம் வருது.”

நடுக்கத்தைப் பார்க்கப் பயந்து, அவள் அது குறைந்துகொண்டே வந்ததையும் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

“என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“உன்கிட்டயா? உன் மூஞ்சியே அவருக்குக் காட்டிக் கொடுத்துடுமேக்கா.”

கூடத்திலிருந்து கணவரின் குரல் கணீரென்று வந்தது.

“மச்சான்! அடுத்த வாரமாவது அந்த லைட்டைப் போட்டுட்டுக் குறை சொல்லு. சிப்பைக்கூட மாத்திடலாம், தெரியாத மாதிரி நடிக்கறதுதான் பெரும்பாடா இருக்கு!”