கட்டிங் தெரிந்த ஆள் தேவை

“கதவைத் தட்டாதீங்க சார்! அக்கா சாப்பிடுறாங்க. ஒரு மணிக்கு உள்ள போனா ரெண்டு மணிக்குத்தான் வெளிய வருவாங்க.”

முதலாளி அறைக் கதவை நோக்கி நீண்ட கையை இழுத்துக்கொண்டார் அவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ‘கட்டிங் தெரிந்த ஆள் தேவை’ என்று வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, பை தைக்கும் அந்தப் பட்டறைக்குள் நுழைந்திருந்தார்.

தடுத்தவள் ஜிப் தைப்பவள். வாய் ஓயவே ஓயாது என்பதால் பட்டறையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

“சாப்பிட ஒரு மணி நேரமா?” என்றார்.

“சாப்பாடு இருபது நிமிஷம். மீதி நேரம் காலை நீட்டிப் படுத்துடுவாங்க. போன்கூட எடுக்க மாட்டாங்க. போன மாசம் ஒரு பெரிய கடைக்காரர், பத்து நாள்ல முந்நூறு ஸ்கூல் பை வேணும்னு வந்து குதிச்சார். ‘இருபது நாள் ஆகும், இஷ்டம்னா குடுங்க’ன்னுட்டாங்க. முறைச்சுக்கிட்டுப் போனவர் மறுநாளே துணியோட வந்து நின்னார்!”

“ரொம்பக் கறார் போல.”

“பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுங்க. முன்னாடி ஒரு இடத்துல ஆறு வருஷம் வேலை. வீட்டுக்காரர் தவறிட்டார், ரெண்டு சின்னப் பிள்ளைங்க. முதலாளி ‘இன்னும் நாலு பை தைச்சிட்டுப் போ’ன்னா, வாயே திறக்காம தைப்பாங்களாம். தினம் பதினாலு மணி நேரம். ஒரு நாள் மெஷின் மேலயே மயங்கி விழுந்துட்டாங்க. ஊசி விரல்ல பூந்து அந்தப் பக்கம் வந்துடுச்சு. ஆறு வாரம் படுக்கை. எழுந்து போன் பண்ணா, ‘வேற ஆளைப் போட்டாச்சு’ன்னு வச்சுட்டாராம் அந்த மனுஷன்!”

அவர் மெல்லக் கேட்டார், “அப்புறம்?”

“ரெண்டு மணி நேரத்துக்கு மேல மெஷின்ல உட்காரக் கூடாதுன்னார் டாக்டர். வீட்டு மூலையில ஒரு பழைய மெஷினைப் போட்டாங்க. அலாரம் அடிச்சா பாதித் தையல்லயே எழுந்து நடக்கப் போயிடுவாங்க. ‘சும்மா வீட்லதானே இருக்க’ன்னு சொந்தக்காரங்க பிள்ளைங்களைக் கொண்டாந்து விட்டப்போ, ஆயுசுலயே முதல் தடவையா முடியாதுன்னு சொன்னாங்களாம். சொல்லிட்டு ரெண்டு நாள் அழுதாங்களாம். இப்பல்லாம் அழறதில்ல, சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க! இன்னிக்கு இங்க எட்டுப் பேர் இருக்கோம்.”

அவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். “நான் கிளம்பறேம்மா. இந்த இடம் எனக்குச் சரிப்படாது.”

“அட, எங்க சட்டதிட்டத்தைக் கேட்டே பயந்துட்டீங்களா?”

அதற்குள் கதவு திறந்தது. மணி இரண்டு.

அக்கா அவரைப் பார்த்தாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க.”

உட்கார்ந்தவர் தரையைப் பார்த்தே பேசினார். “நெஞ்சுல ஆபரேஷன் ஆகி எட்டு மாசம் ஆகுது. இருந்ததெல்லாம் அதுலயே போயிடுச்சு. வேலைக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். எவ்வளவு நேரம்னாலும் இருந்து வெட்டித் தர்றேன்...”

“அது இங்க நடக்காது,” என்றாள் அக்கா. “ஆறு மணிக்கு விளக்கை அணைச்சுடுவோம். உங்களுக்கு இப்போதைக்கு அரை நாள் வேலைதான். வேளாவேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போடணும். உடம்புக்கு முடியலைன்னா, முடியலைன்னு வாய்விட்டுச் சொல்லணும். அதுக்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டோம்.”

அவர் நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன. சரி என்று தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ரேடியோவுக்குத் தாங்கவில்லை. “என்னக்கா இது? வெட்டத் தெரியுமான்னு ஒரு துண்டுத் துணி குடுத்துக்கூடப் பார்க்கலையே!”

“நல்லாவே தெரியும். எனக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக் கத்துக் குடுத்ததே அவர்தான்,” என்றாள் அக்கா, மெஷினில் நூல் கோத்தபடி. “நான் மயங்கி விழுந்தது அவரோட பட்டறையிலதான்.”