குட்டை இழை

அடிவயிறு கல்லாகக் கிடந்தது.

காலை டீயைக் குடித்திருக்கக் கூடாது. குடித்துவிட்டாள். மில்லில் ஓசியாகத் தருகிற டீயை வேண்டாமென்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

நூல் அறுந்தது. ஒட்டினாள்.

நூல் சுற்றும் கதிர்களில் நாலு தள்ளி இன்னொன்று. ஒட்டினாள்.

அதற்குள் முதலாவது திரும்பவும் அறுந்தது.

இன்று புதுப் பஞ்சு. இழை குட்டை. விலை மலிவு என்று முதலாளி வாங்கிப் போட்டுவிட்டார். குட்டை இழை ஒன்றையொன்று சரியாகப் பிடித்துக்கொள்ளாது. அறுந்துகொண்டே இருக்கும். மிஷினை விட்டு நகர விடாது.

நகர்ந்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்து மிஷின்காரியிடம் சுண்டுவிரலைக் காட்டினால் போதும். அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையில்லை. திரும்பி வரும்வரை அவள் இரண்டு மிஷினையும் பார்த்துக்கொள்வாள். எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

பக்கத்து மிஷின்காரி குருவம்மா.

குருவம்மாவோடு பங்குனியிலிருந்து பேச்சில்லை.

குருவம்மா மகளின் சடங்கு விருந்தில், "பாயசத்துல சோப்பு வாடை அடிக்குது" என்று சொன்னது இவள்தான். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் இருபது வருஷம் மிஷினோடு நின்றவளுடைய மெதுவு எங்கே மெதுவாக இருக்கும்? பந்தி முழுக்க இலையை மூடிவிட்டு எழுந்தது.

காலை இடுக்கிக்கொண்டு சுண்டுவிரலைத் தூக்கினாள்.

குருவம்மா பார்த்தாள். அப்புறம் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள். அப்புறம் நடந்து வந்து இவள் மிஷினில் ஓர் இழையை ஒட்டினாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

இவள் ஓடினாள்.

கக்கூஸ் கதவைச் சாத்தி நாடாவை இழுத்தாள்.

அவிழவில்லை.

சேலை கட்டியவரை இந்தத் தொல்லை இல்லை. முந்தானை மிஷினில் மாட்டுகிறது, இனி எல்லாரும் சுடிதார்தான் என்று போன வாரம் உத்தரவு. நாற்பது வயதுக்கு மேல் பேண்ட். கடையில் கொடுத்த நாடா வழுக்கிக்கொண்டு வந்தது. அதனால் நூலாவதற்கு முன்னால் வருகிற பஞ்சுத் திரியில் நாலைச் சேர்த்து, இறுக்க முறுக்கி, நாடாவாகக் கோத்துக்கொண்டாள். நல்ல யோசனைதான்.

முடிச்சுப் போட்டது கை. இவளைக் கேட்காமல் போட்டுவிட்டது. அந்தக் காலத்தில் நூலைக் கோனில் சுற்றும்போது, அறுந்ததைச் சேர்க்கப் பழகிய முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்ப்பதற்கென்று யாரும் போடுகிற முடிச்சே அல்ல அது.

வியர்வையில் ஊறிக் கொட்டைப்பாக்காக இருந்தது. நகம் இறங்கவில்லை. பல் எட்டவில்லை. குனிந்தும் பார்த்துவிட்டாள்.

பிளேடு மேஸ்திரியிடம் இருந்தது.

மேஸ்திரி ஆம்பளை.

கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். தூரத்தில் குருவம்மா. இவள் முதலில் கையை ஆட்டினாள். பிறகு கும்பிட்டாள்.

குருவம்மா வந்தாள். இரண்டு மிஷினும் ஆளில்லாமல் ஓடின.

முடிச்சைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. கசப்பு மருந்துபோல அதை விழுங்கினாள்.

முடிச்சைத் தொடவேயில்லை. அதற்குப் பக்கத்தில் நாடாவை இரண்டு இடத்தில் விரல் நுனியால் பிடித்தாள். ஒரு பிடியை அசைக்காமல் மறு பிடியை உருட்டினாள்.

வயிற்றோடு இறுகியது.

"அடிப் பாவி!" இவள் அலறினாள்.

குருவம்மா எதிர்ப்பக்கம் உருட்டினாள்.

போன மாதம் ஒருவர் வந்து மில்லில் வகுப்பு எடுத்தார். பஞ்சில் பசை இல்லை, முடிச்சு இல்லை, ஒரு விரல் நீளம்கூட இல்லாத இழைகள் முறுக்கு ஏறுவதால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, முறுக்குப் போனால் நூலும் போச்சு என்று போர்டில் படம் போட்டார். இவள் தூங்கினாள். குருவம்மா தூங்கவில்லை போலிருக்கிறது.

நாடா தளர்ந்தது. பொசுபொசுவென்று ஆனது. சத்தமே இல்லாமல் விலகி இரண்டு பஞ்சு வாலாக நின்றது.

குருவம்மா வெளியே போய் நின்றாள்.

ரொம்ப நேரம் நின்றாள்.

இவள் பேண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். குருவம்மா இரண்டு வாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். இடுப்புப் பையிலிருந்து கொஞ்சம் கழிவுப் பஞ்சைச் சேர்த்தாள். எச்சில் தொட்டு முறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது.

முடிச்சு பக்கத்திலேயே, பழையபடி, குத்துக்கல்லாக இருந்தது.

"தண்ணியக் கண்டமானைக்குக் குடிக்காத. மறுபடி அவுக்கணும்னா நாந்தான் வரணும்."

பங்குனிக்குப் பிறகு குருவம்மா இவளிடம் பேசிய முதல் பேச்சு.

இரண்டு மிஷினிலும் வரிசையாக அறுந்து கிடந்தது. ஆளுக்கொரு கோடியிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவில் முதுகும் முதுகும் இடித்தன.

இவள் திரும்பினாள். "மதினி, அந்தப் பாயசம்…"

இரைச்சல். என்ன என்று குருவம்மா கையை விரித்தாள்.

மில்லில் எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. பாயசத்துக்குக் கிடையாது.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள்.

மத்தியான டீ வந்தது. டம்ளரைப் பார்த்தாள். முடிச்சைத் தடவிப் பார்த்தாள். குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அடிவயிறு லேசாகக் கனத்தது. ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது.

பாயசத்தில் சோப்பு வாடை அடித்தது நிஜம். அதில் மாற்றமில்லை.

ஆனாலும், நல்லாத்தான் இருந்தது என்று ஒரு பொய், குருவம்மாவுக்குப் பாக்கி.