விலங்கு செல்

வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

எஸ்தர் டீச்சர் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் அவள் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டினார். வலிக்கவில்லை. கூசியது.

ஆறாம் வகுப்பு முழுவதும் அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

யார் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது அவள் கையைத் தூக்கவில்லை. மேசையை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

குச்சியில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் ஈரம். டீச்சர் அதைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்தார். ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டார். மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து மூடினார். சாயம் ஓரத்தில் பிதுங்கி, வால் மாதிரி நின்றது.

இந்த ஈரத்தில் என்ன இருக்கப்போகிறது?

சற்று முன்பு நுண்ணோக்கியில் வெங்காயத்தோல் பார்த்தார்கள். செங்கல் சுவர் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. ஒவ்வொரு செங்கலும் ஒரு செல் என்றார் டீச்சர். உயிருள்ளது எதுவானாலும் செல்லால்தான் ஆகியிருக்கிறது. ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்துதான் வரும்.

வெங்காயம் சரி.

நாக்கால் கன்னத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. உள்ளே எங்கேயும் செங்கல் தட்டுப்படவில்லை.

பார்த்தாக வேண்டும்.

டீச்சர் கரும்பலகையில் எழுதினார். தாவர செல், வெங்காயம். அதற்குக் கீழே, விலங்கு செல், கன்னம்.

பேச்சிமுத்து எழுந்தான். ஆண்டு விழாவில் ராஜா வேஷம் போட்டவன். அவளைப் பார்த்தபடியே வாசல் பக்கம் கையை நீட்டினான்.

“விலங்கே… செல்!”

வகுப்பு அதிர்ந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. குனிந்து மறைத்துக்கொண்டாள்.

“அவ விலங்கா டீச்சர்?”

“நீயுந்தாம்ல. வா, வாயத் தொற.”

அவன் கன்னத்திலிருந்தும் ஒரு ஸ்லைடு. மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், வாலில்லாத அவனுடையது வலப்பக்கம்.

“மொதல்ல அவளோடதப் பாரு.”

“எச்சி டீச்சர். சட்டைய வச்சு காக்காக்கடி கடிச்சுக் குடுத்த மிட்டாயவே நா வாங்க மாட்டேன்.”

“நக்கவால சொன்னேன்? பாக்கத்தான சொன்னேன்.”

அதற்கும் வகுப்பு சிரித்தது. ஆனாலும் அவன் அசையவில்லை. பையன்கள் எல்லோரும் அவன் பின்னால் போய் வரிசை கட்டினார்கள். எங்களுக்கும் அவனோடதுதான்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெல் அடிப்பதற்குள் வகுப்பே பார்க்க வேண்டும்.

“எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஒண்ணப் பாத்தாப் போதும்.”

அவள் தன் ஸ்லைடின் நீல வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் யாரோ யாரையோ தள்ளினார்கள். மேசை ஆடியது. ஸ்லைடுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. டீச்சர் இரண்டையும் பாய்ந்து பிடித்து, “ஏல, மாடுகளா!” என்று திட்டியபடியே திரும்ப வைத்தார்.

இடம் மாற்றி வைத்தார்.

வலப்பக்கம் இருந்ததை எடுத்து நுண்ணோக்கியில் பொருத்தினார். அதன் ஓரத்தில் நீல வால்.

அவள் மட்டும்தான் பார்த்தாள்.

பேச்சிமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்.

“ஏல! என் செல்லப் பாருங்கல! ஆம்லேட்டு மாதிரி கெடக்கு. நடுவுல கரு!”

ஒவ்வொருவனாகக் குனிந்தான்.

“வெங்காயத்துக்கு இருந்த செவரு இதுக்கு இல்லையேல?”

“எனக்கு எதுக்குல செவரு?”

“ஒண்ணு மடிஞ்சு கெடக்கே?”

“அது வீரம்.”

அவள் பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றாள். கன்னம் சூடாக இருந்தது. ஆம்லேட்டாம். கருவாம். மடிந்து கிடக்கிறதாம். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் இன்னும் தெரியாது.

சொல்லிவிடலாம். சொன்னால் அவன் துள்ளிக் குதிப்பான். குழாயடிக்கு ஓடிக் கண்ணைக் கழுவுவான். பையன்கள் ஊளையிடுவார்கள். டீச்சர் ஸ்லைடை மாற்றுவார். பெல் அடித்துவிடும்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருத்தியும் இவ்வளவு நேரமா பார்ப்பாள்?

அவள் முறை வந்தது.

பேச்சிமுத்து நுண்ணோக்கிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான், கடைக்கு முதலாளி மாதிரி. உள்ளங்கையால் மேல் குழாயை மூடினான்.

“ஒனக்கு எதுக்கு? போயி ஒன்னோடதப் பாரு.”

டீச்சர் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை.

இந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து அவள் பையன்கள் யாரிடமும் பேசியதில்லை.

“எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லுதாவளே,” என்றாள். “ஒன்னோடதக் கொஞ்சம் காட்டேன், பேச்சி.”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கையை எடுத்தான்.

“தொடாமப் பாரு.”

குனிந்தாள்.

முதலில் இருட்டு. பிறகு அவளுடைய இமைமுடிகளே பனையோலை போல் குறுக்கே வந்தன. கண்ணைச் சற்று விலக்கினாள்.

வெளிச்சம்.

நீலம். வெளிர் நீலத்தில் மெல்லிய ஓரங்கள். அடுக்கு இல்லை, வரிசை இல்லை. ஒன்று தனியாக, மூன்று ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒன்று மட்டும் ஓரம் மடிந்து. எல்லாவற்றின் நடுவிலும் கருநீலமாய் ஒரு புள்ளி.

மூச்சை அடக்கிக்கொண்டாள். ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது.

பெல் அடித்தது. பெஞ்சுகள் நகரும் சத்தம். யாரோ அவள் பின்னலை இழுத்தார்கள்.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

“எப்படி?” என்று பேச்சிமுத்துவின் குரல் கேட்டது.

மடிந்து கிடந்ததை இன்னொரு முறை பார்த்தாள்.

“ஒரு கொறையும் சொல்றதுக்கில்ல,” என்றாள்.