ஒரே பார்வையாளர்

"நான் வரல்ல மகள். நீ போய்ட்டு வா," என்றாள் பஸீனா.

மகள் றுக்கியா விடவில்லை. "ஒரு பஸ் மாறினா முந்தல் வந்திரும் உம்மா. நான் மெஜிக் காட்டுற முதல் மேடை."

"சனத்துக்குள்ள வர எனக்கு ஏலாது."

உம்மாவுக்கு வெட்கம், வேறென்ன. பெண்பிள்ளை மெஜிக் காட்டப் போகிறாள் என்று கதைக்காத வாய் கரைத்தீவில் இல்லை. கொஞ்சக் காலமாக உம்மா கல்யாண வீடுகளுக்குக்கூடப் போவதில்லை. எல்லாம் தன்னால்தான் என்று றுக்கியா நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டுக்குள் உம்மா வேறு ஆள். றுக்கியா புடவைக்கடை வேலை முடிந்து வந்ததும், ஃபோனில் பார்த்துப் பழகியதைச் செய்து காட்டுவாள். உள்ளங்கையில் இருந்த சிவப்புப் பந்து காணாமல் போகும்.

"எங்க போனதெண்டே தெரியல்லியே மகள்," என்று உம்மா கைதட்டுவாள்.

அந்தத் தைரியத்தில்தான் முந்தல் பாடசாலை விழாவுக்கு ஓம் என்றிருந்தாள்.

மேடையில் முதல் பந்து மறைந்ததுமே முன்வரிசையில் ஒரு சிறுமி எழும்பினாள்.

"அந்தா, அக்காட சட்டைக் கைக்குள்ள போகுது."

மண்டபமே சிரித்தது. அடுத்த வித்தையிலும் அதே கதிதான். அதற்கடுத்தது தொடங்குமுன் திரையை இழுத்துவிட்டார்கள்.

பாடசாலை அதிபர் தணிந்த குரலில் கேட்டார். "வீட்டில ஆருக்கும் செய்து காட்டிப் பார்க்கல்லியா பிள்ளை?"

"உம்மாவுக்குக் காட்டினேன் சேர். ஒவ்வொரு நாளும்."

"அவங்க ஒண்டும் சொல்லல்லியா?"

றுக்கியா சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே களப்புக் கரைக்குப் போனாள். பந்து, துணி, பெட்டி எல்லாவற்றையும் தண்ணீரில் வீசினாள். இனிச் சாகும்வரைக்கும் புடவைக்கடைதான்.

உம்மா வாசலில் கதிரையில் இருந்தாள்.

"வந்திட்டியா மகள். அங்க காட்டினத எனக்கும் ஒருக்காக் காட்டு."

பொய்யாகப் புகழ்ந்து சபையில் தலைகுனிய வைத்தது போதாதா? றுக்கியா எதிரே போய் நின்று வெறுங்கைகளை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. கண்ணீர் நாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

உம்மா அவள் பக்கமே முகத்தை வைத்துக் காத்திருந்தாள். பிறகு சிரித்த முகத்தோடு கைதட்டினாள்.

"மாஷா அல்லாஹ். நல்லா வந்திருக்கு."

றுக்கியா திகைத்துப் போனாள். உம்மாவின் முகத்துக்கு நேரே கையை அசைத்தாள். இமை ஆடவில்லை.

"எப்ப இருந்து உம்மா?"

உம்மாவின் சிரிப்பு அடங்கியது. "சீனி வருத்தம் மகள், மருந்துக்கும் அடங்கல்ல. போன நோன்போட ரெண்டு கண்ணும் போயிட்டுது. வீட்டுக்குள்ள கைப்பழக்கத்தில சமாளிச்சன்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

பஸீனா காற்றில் தடவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா, நீ பிறகு ஆருக்கு மகள் செஞ்சு காட்டியிருப்பாய்?"