கண் சிவந்த படம்

"குண்டு வச்சவன்னு ஒரு படம் காட்டுவீங்களே, கண்ணெல்லாம் சிவந்து... அதையே போடுங்க சார்," என்றார் தொலைக்காட்சி அலுவலகத்துக்கு வந்தவர்.

படப்பிரிவு ஆசிரியர் கணினியிலிருந்து நிமிர்ந்தார். "அவர் நிரபராதின்னு தீர்ப்பே வந்தாச்சு. அந்தக் கண்ணைச் சிவப்பாக்கினதே நான்தான்யா. மனசு கேக்கல. அவர் சிரிக்கிற படம் ஒண்ணு அனுப்பச் சொல்லி வக்கீலுக்குப் போன் போட்டிருக்கேன்."

"ஐயோ, வேண்டாம் சார்!"

"அவர் மேல உங்களுக்கு அப்படியென்ன கோபம்?"

"நான்தான் சார் அவன்."

ஆசிரியர் உற்றுப் பார்த்தார். அந்தப் படத்தின் சாயல் துளிகூட இல்லை.

"ஜாமீன்ல வந்ததும் ஒரு கடையில வேலைக்குச் சேர்ந்தேன். நேத்து டிவியில தீர்ப்பு சொன்னப்பகூட, 'கோர்ட் விட்டாலும் இவனை நடுரோட்டுல சுடணும்'னாரு முதலாளி. என் தோள்ல கைபோட்டுக்கிட்டு."