நூலகரிடம் கேளுங்கள்

"கேள்வி எந்த நேரமும் வரலாம். வாசகர் கேக்கற மாதிரியேதான் இருக்கும். ஆனா கேக்கறது நான்தான், மறந்துடாதீங்க."

"ஒரு பதில் தப்பாப் போனா?"

"தப்பாப் போனாக்கூடப் பரவாயில்ல மேடம். பலகையில எழுதியிருக்கேன் பாருங்க, அதை மட்டும் மீறக் கூடாது. புத்தகம் சொல்லலாம், புத்தி சொல்லக் கூடாது. சொந்த அபிப்பிராயம் ஒரு வரி வந்தாலும் ஃபெயில்தான்."

சிரித்துக்கொண்டே குண்டைப் போட்டுவிட்டுப் பயிற்சியாளர் மாடிக்குப் போய்விட்டார். கவுன்ட்டர் அக்கா திரையை, கேள்வித்தாளுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நூலகத்தின் இணையப் பக்கத்தில் 'நூலகரிடம் கேளுங்கள்' என்று புதிதாக ஒரு பெட்டி முளைத்திருந்தது. வாசகர் வீட்டிலிருந்தே கேள்வியைத் தட்டிவிடுவார். கவுன்ட்டரில் இருப்பவர் பதில் தட்ட வேண்டும். ஊருக்கு அதை நாளைக்குத்தான் திறக்கிறார்கள். இன்றைக்கு இந்தக் கட்டடத்துக் கணினிகளில் மட்டும் ஓடுகிறது.

தேறினால் அக்கா இதே கவுன்ட்டரில் இருக்கலாம். இல்லையென்றால் ஊர்க்கோடியில் இருக்கிற புத்தகக் கிடங்குக்கு மாற்றல். அங்கே புத்தகம் மலை மாதிரி உண்டு, மனுஷ வாடை கிடையாது. காலையில் கதவு திறந்ததும் "அக்கா, அன்னிக்குச் சொன்னீங்களே, அந்தப் புத்தகம் வந்துச்சா?" என்று நாலு பேர் வந்து நிற்காவிட்டால் அவருக்கு அன்றைய பொழுதே விடிந்ததாகாது.

இந்தச் சோதனையே சின்னவள் வைத்த வேட்டுதான். பக்கத்து நாற்காலிக்காரி, தினமும் மதியம் அக்காவோடு ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள். "அக்காவுக்கு கம்ப்யூட்டரெல்லாம் வராது சார்" என்று தலைமை நூலகரிடம் அவள் சொன்னது காதுக்கு எட்டிய நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. திரும்பி வந்த புத்தகத்தை மேஜையில் தள்ளிவிடுவார்களே தவிர, ஒருவர் கையில் ஒருவர் கொடுக்க மாட்டார்கள். இப்போதும் அவள் புத்தகம் அடுக்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டு எங்கோ உள்ளே இருந்தாள். இருக்கட்டும் என்று அக்காவும் திரும்பிப் பார்க்கவில்லை.

டிங் என்றது திரை.

"வணக்கம். பேச்சு நின்னுபோன ஒருத்தர்கிட்ட மறுபடி பேச ஆரம்பிக்கணும். அதுக்கு ஏதாவது புத்தகம் இருக்கா?"

அக்கா விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக இந்தக் கூடத்தில் மெல்லப் பேசியே பழகியவர், விசைகளையும் மெல்லத்தான் அழுத்துவார்; பாதி எழுத்து விழாது. அழித்து அழித்து ஒரு வழியாக எழுதி அனுப்பினார்.

"யார் படிப்பதற்கு?" புத்தகம் கேட்டு வருகிறவரிடம் முதலில் இதைக் கேட்பதுதான் அவர் வழக்கம்.

"எனக்குத்தான்."

"மனித உறவுகள் பற்றிய நூல்கள் இருக்கின்றன. கீழ்த்தளம், ஜன்னலோர அடுக்கு."

அனுப்பிவிட்டு மூச்சு விட்டார். யார் சொன்னது கம்ப்யூட்டர் வராது என்று?

ஆனால் அடுத்த வரி வருவதாகக் காணோம். 'எழுதுகிறார்... எழுதுகிறார்...' என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. விசைப்பலகையைப் பார்க்காமலே வரி வரியாகக் கொட்டுகிற பயிற்சியாளருக்கு இப்போது என்ன வந்தது? ஏதாவது பொறி வைக்கிறாரோ?

டிங்.

"அதெல்லாம் புரட்டிப் பாத்தாச்சு. ஒண்ணும் உதவல. நீங்களா இருந்தா என்ன எதிர்பார்ப்பீங்க?"

பொறியேதான். எதிரே பலகையில் அந்த விதி கொட்டை எழுத்தில் முறைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து தலைமை நூலகர் வேறு ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"மன்னிக்கவும், நூல்கள் குறித்து மட்டுமே" என்று ஆரம்பித்த அக்காவின் விரல் நின்றது. நாளைக்கு ஒருவர் நிஜமாகவே இதைக் கேட்டால்? வாய் திறந்து கேட்டவரை இப்படியா விரட்டுவது? கூடவே, எத்தனையோ மதியங்கள் டப்பாவைத் தனியாகத் திறந்து, இறங்காமல் பாதியில் மூடியதும் நினைவுக்கு வந்தது.

எழுதியதை அழித்தார். இந்த முறை விசைகளை அழுத்தியே தட்டினார். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"புத்தகம் வேண்டாம். அதைத் தேடுற நேரத்துல எழுந்து அவங்க முன்னாடி போய் நில்லுங்க. பேசக்கூட வேண்டாம், சும்மா நில்லுங்க. அவங்களும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க."

அனுப்பியாகிவிட்டது. இனித் திரும்பப் பிடுங்க முடியாது. கிடங்கின் இரும்புக் கதவு அக்காவின் கண்ணெதிரே தெரிந்தது.

"போச்சு" என்று முணுமுணுத்தார். மறுமுனையில் இருந்து ஒரு வரியும் வரவில்லை.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். பயிற்சியாளர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஸாரி மேடம்! மேல இருக்கற கம்ப்யூட்டர் திறந்தே தொலைய மாட்டேங்குது. இன்னும் ஒரு கேள்விகூட நான் அனுப்பல. இனிமேதான் உங்க டெஸ்ட்டே." திரையை எட்டிப் பார்த்தவரின் புருவம் உயர்ந்தது. "அட, இவ்வளவு தட்டியிருக்கீங்களே! யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?"

அக்கா மெல்ல அடுக்குகள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அடுக்குகளுக்கு அந்தப் பக்கம், வாசகர் கணினிக்கு முன்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்து கவுன்ட்டருக்கு முன்னால் நின்றாள்.

"நிக்கறேன்க்கா."