உண்மை விற்ற கடை

வீட்டுக் கருவிகள் அனைத்தும் மனிதர்களைப் புகழப் பழகிவிட்ட காலத்தில், ஈரோட்டில் ஒரு கடை உண்மையை மட்டுமே விற்றது. கட்டணம் செலுத்தினால், மனிதர் ஒருவர் நேரில் கருத்துச் சொல்வார். இலாபம் முழுவதும் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்துக்குப் போகும். கருத்துச் சொல்லும் பணியைத் தமயந்தி செய்துவந்தாள்.

நூற்பாலை முதலாளி சென்னியப்பன் ஒருநாள் வந்து, அன்று மாலை மகளின் திருமண வரவேற்பில் பாடவிருந்த பாட்டைப் பாடிக் காட்டினார்.

"நல்லா இல்லீங்க" என்றாள் தமயந்தி.

"எங்க வீட்டுக் கண்ணாடியே சபாஷ் சொல்லுச்சேம்மா!"

"கண்ணாடி யாரைத்தானுங்க திட்டியிருக்குது?"

அவர் முகம் சிவந்தது. "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்தப் புள்ளைங்க இல்லத்துக்குக் கூரை முழுக்க நான் போட்டுத் தாரேன்."

ஒழுகும் அந்தக் கூரைக்காகவே கடை உழைத்துக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த நவாஸ், "சொல்லிருங்கக்கா, புள்ளைங்களுக்குத்தானே?" என்று முணுமுணுத்தான்.

தமயந்தி நனையும் குழந்தைகளை நினைத்தாள். ஊரார் சிரிக்கும்போது மேடையில் தலைகுனியப்போகும் மணமகளையும் நினைத்தாள்.

"நல்லா இல்லீங்க" என்றாள் மறுபடியும். "கூரையை நாங்க மெல்லப் போட்டுக்கறோம்."

சென்னியப்பன் எழுந்தார், வாசல்வரை சென்று திரும்பினார். "அப்ப வரவேற்புல நான் என்னதான் பண்றது?"

"பந்தியில பரிமாறுங்க. பொண்ணுக்குப் பெருமையா இருக்கும்."

"சாம்பார் ஊத்தட்டுமா?"

கோபத்தில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த அவருடைய கையை அவள் பார்த்தாள்.

"வேண்டாமுங்க. அப்பளம் வைங்க."